ஹலாலான தரவு

ஐந்து வேளையும் பாங்குச் சத்தம் காதில் விழ, கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு வைனின் தரத்தை மதிப்பிடக் கற்றுக்கொடுக்கும் படிப்பு எது என்று கேட்டால், ஹோட்டல் முகாமைத்துவம் என்பீர்கள். இல்லை, தரவு விஞ்ஞானத்தில் முதுமாணி. டேட்டா என்றதும் ரீலோட் கடையை நினைப்பவர்களைப் பற்றிய பகிடி ஊரில் ஏற்கெனவே பழசாகிவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

முதல் தவணையிலேயே வந்தது அந்த ஒப்படை. போர்த்துக்கலின் வடக்கே செய்யப்படும் வின்யோ வேர்டே என்ற வைன். சிவப்பில் 1,599 மாதிரிகள், வெள்ளையில் 4,898. ஒவ்வொன்றுக்கும் அமிலம், சீனி, உப்பு, கந்தகம், மதுசார வீதம் என்று 11 அளவீடுகள். கடைசி நிரலில், குடித்துப் பார்த்த நிபுணர்கள் பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் போட்ட புள்ளி. 2009-இல் போர்த்துக்கேய ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த அட்டவணையைத் தொடாமல் இந்தப் படிப்பைத் தாண்டியவர்கள் குறைவு. அளவீடுகளை வைத்துப் புள்ளியைக் கணனி ஊகிக்க வேண்டும். இரவிரவாக இருந்து செய்தேன். முடிவில் தெரியவந்த பெரிய உண்மை: மதுசாரம் கூடினால் புள்ளியும் கூடுகிறது. எந்தக் குடிகாரனிடம் கேட்டிருந்தாலும் இதைச் செலவில்லாமல் சொல்லியிருப்பான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது. வீடு மனைவியின் பெயரில். நிருவாகம் மாமியின் கையில். ஆகவே நடு இரவில் ஹோலில் லைட்டைப் போட்டுக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று கேட்க மாமிக்குச் சகல உரித்தும் உண்டு.

“மருமகன் என்னகா பாக்காரு, சிவப்புச் சிவப்பா?”

“வைனுக்கு மார்க்ஸ் போடுறாரு உம்மா.”

மாமி மறுபேச்சுப் பேசவில்லை. விடிந்ததும் வழக்கமான பால்தேத்தண்ணிக்குப் பதிலாக, ஓதி ஊதின தண்ணீர் ஒரு கிளாஸ் என் மேசையில் இருந்தது.

அடுத்த ஒப்படை ஜேர்மனியிலிருந்து வந்தது. வங்கியில் கடன் கேட்ட 1,000 பேரின் விபரம். 700 பேர் நல்ல கடனாளிகள், 300 பேர் கெட்ட கடனாளிகள். புதிதாக ஒருவன் வந்து நின்றால் கொடுப்பதா விடுவதா என்று கணனி சொல்ல வேண்டும். வைனை முடித்துக்கொண்டு வட்டிக்கு வந்திருந்தோம்.

நிகழ்தகவுப் பாடம் இதைவிட மோசம். அந்தக் கணிதம் பிறந்ததே சூதாட்டத்தில்தானாம். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பஸ்காலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் விரிவுரை தொடங்கியது. மொன்டே கார்லோ முறை என்று ஒன்று. சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தற்செயல் நடைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் குடிகாரன் நடை. சரி, டீ சோதனையாவது குடிக்கிற தேத்தண்ணியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று பார்த்தால், அதைக் கண்டுபிடித்த கோசெட் டப்ளினில் கின்னஸ் பியர் வடிசாலையில் உத்தியோகம் பார்த்தவர். ஊழியர் சொந்தப் பெயரில் எழுதக்கூடாது என்று கொம்பனி கட்டுப்பாடு வைத்திருந்ததால் 1908-இல் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். பார்லியின் தரம் பார்க்கப் போட்ட கணக்கு, இன்று மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் உதவுகிறது.

இதையெல்லாம் கல்முனை ஸாஹிராவில் என்னோடு படித்து இப்போது மௌலவியாக இருக்கும் கூட்டாளியிடம் சொன்னேன். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் இருந்தோம். அவர் விரலை மடக்கினார்.

“சூது இரிக்கி, மது இரிக்கி, வட்டி இரிக்கி. பண்டி ஒண்டுதான் பாக்கி. அது எத்தனையாம் தவணையில வருது?”

சும்மா விட முடியுமா? அல் கிந்தியை இழுத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த மேதை. இரகசிய எழுத்தில் எழுதிய கடிதத்தை உடைக்க, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதைச் சாதாரண அரபுப் பந்தி ஒன்றில் எழுத்துகள் வரும் கணக்கோடு ஒப்பிட்டால் போதும் என்று எழுதிவைத்தவர். கையில் உள்ள தரவை எண்ணித் தெரியாததை ஊகிப்பதுதான் இந்தப் படிப்பு முழுவதும். அதை கின்னஸ் வடிசாலை முளைக்கச் சுமார் 900 வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்துவிட்டார். மௌலவிக்குச் சந்தோசம். அடுத்த ஜும்ஆவில் அவருடைய குத்பாவில் அல் கிந்தி வந்தார். எடுத்துக்கொடுத்தவனின் பெயர் வரவில்லை.

பகிடியை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்றும் அந்தத் தவணையில் நடந்தது. டைட்டானிக் கப்பலின் பயணிகள் பட்டியல்: பயிற்சிக்குத் தருவது 891 பேர். வயது, டிக்கட் வகுப்பு, ஆணா பெண்ணா என்பதை வைத்து யார் பிழைத்தார் என்று ஊகிக்க வேண்டும். பெண் என்று தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். அன்று படகில் முதலில் ஏற்றியது பெண்களையும் பிள்ளைகளையும். விரிவுரையாளர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு 2004 டிசம்பர் 26 காலை ஞாபகம் வந்தது. இலங்கையில் சுனாமி அதிகம் பேரைக் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000-க்கு மேல். கிழக்குக் கரை அகதிமுகாம்களில் எடுத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இங்கே அதிகம் மௌத்தானது பெண்களும் சிறுபிள்ளைகளும் வயதானவர்களும். டைட்டானிக்கில் படித்த மாதிரியுருவை மருதமுனைக் கரைக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகச் சொல்லும். அட்லாண்டிக்கில் 1912-இல் போன கப்பலின் பட்டியல் உலகத்துக்கே பாடம். எங்கள் பட்டியல் எந்த வகுப்பிலும் இல்லை. இந்த எண்ணம் பிறகு என்னை விடவேயில்லை. ஊர்த் தரவு எதிலாவது ஆய்வு செய்வது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

ஆனால் ஊர்த் தரவு எப்படி உற்பத்தியாகிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? பகலில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். இலங்கையில் பட்டம் முடித்துப் பல வருடம் காத்திருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரே மூச்சில் கொடுத்த பதவி அது. என் அலுவலகம் எது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மேலிடத்திலிருந்து படிவம் வரும். தென்னை எத்தனை, கிணறு எத்தனை, தொழிலில்லாத வாலிபர் எத்தனை, ஆடு எத்தனை. ‘அவசரம், இன்று பிற்பகல் 2 மணிக்கு முன்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு முன் ஆடு எண்ண யாரால் முடியும்? பழைய கோப்பை எடுத்துப் போன வருடத்து எண்ணையே தூக்கிப் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பிரிவில் ஆடுகளின் தொகை வருடக்கணக்காக அசையவேயில்லை. வெள்ளம் வந்தது, அசையவில்லை. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது, அப்போதும் ஓர் ஆடு குறையவில்லை. முழு உலகத்திலும் குர்பானிக்குத் தப்பிய ஆடுகள் அந்தக் கோப்புக்குள்தான் மேய்கின்றன.

வகுப்பு கொழும்பில், சனியும் ஞாயிறும். கல்முனையில் வெள்ளி இரவு பஸ் ஏறினால் அம்பாறை, மகியங்கனை, கண்டி என்று மலையைச் சுற்றி விடியற்காலையில் புறக்கோட்டையில் இறக்கிவிடும். கீழே தயிர்ச் சட்டி, பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி, மடியில் மடிக்கணனி. பதினெட்டு வளைவில் பஸ் சாயும்போது எல்லோரும் தயிர்ச் சட்டியைப் பிடிப்பார்கள். மடிக்கணனியை யாரும் பிடிக்கமாட்டார்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால் கண்டக்டர் தம்பி “விடியக்குள்ள” என்பார். நம்பிக்கை இடைவெளியோடு விடை சொன்ன முதல் ஆளை நான் அந்த பஸ்ஸில்தான் கண்டேன். எங்கள் விரிவுரையாளர்கள்கூட அதைப் படமெல்லாம் கீறித்தான் சொல்லவேண்டியிருந்தது.

விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். பகிடி சிங்களத்தில் வரும். இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்று எல்லாவற்றையும் தமிழில் படித்து உயர்தரம் எழுதிய நான், பாடத்தை ஒரு மாதிரிப் பிடித்துவிடுவேன். பகிடிதான் கஷ்டம். மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகு பக்கத்துப் பொடியன் மொழிபெயர்த்துத் தர, வகுப்பு அமைதியாக இருக்கும்போது நான் ஒருத்தன் தனியாகச் சிரிப்பேன். விரிவுரையாளர் அப்போது பெரும்பாலும் ஏதோ ஒரு தாயத்தை வகையிட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள், பேயஸ் தேற்றத்தில் என்ன பகிடியைக் கண்டான் இவன் என்று அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறி மட்டும் முடித்த முதுமாணிக்கு 30 கிரெடிட், ஒன்பதாம் மட்டம். ஆய்வும் செய்தால் 60 கிரெடிட், பத்தாம் மட்டம். ஊரில் இதன் பெறுமதி வேறு. டொக்டர், இன்ஜினியர் என்றால் பெண்வீட்டார் மாடிவீடு கட்டுவார்கள், தரவு விஞ்ஞானி என்றால் “அதுக்கு எங்கயன் போர்ட் போடுற?” என்று கேட்பார்கள். நான் ஏற்கெனவே கலியாணம் முடித்தவன், வீடு கைமாறிவிட்டது. துணிந்து பத்தாம் மட்டத்துக்குப் போனேன்.

ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு மஹல்லாவின், அதாவது ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த வட்டாரத்தின், ஸகாத் பட்டியல்; ஏழைகளுக்குப் பங்கு கொடுப்பதற்கான பட்டியல். பள்ளிவாசல் பேர் வேண்டாம். நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஆய்வேட்டில் ஒருவருடைய உண்மைப் பெயரும் வராது என்று உறுதி கொடுத்து எடுத்தது. அவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது. சந்தாக் கொப்பி, விதவைகள் பட்டியல், வெள்ள நிவாரணப் பட்டியல், கணனியில் யாரோ அடித்த பட்டியல் என்று நான்கைந்து இருந்தன. ஒரே ஆள் இரண்டு பேராக இருந்து இரண்டு பங்கு வாங்குகிறார். எது யார் என்று தெரியவில்லை. பட்டியல்களை இணைத்து ஓர் ஆளுக்கு ஒரு நிரை என்று ஆக்கித் தர வேண்டும். படிப்பில் இதற்குப் பதிவு இணைப்பு என்று பெயர். கனடாவின் புள்ளிவிபரப் பணியகத்தில் இருந்த ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் 1969-இல் இதற்குக் கோட்பாடே எழுதிவைத்திருக்கிறார்கள். சுகமான வேலை என்று நினைத்தேன்.

கனடாக்காரர்கள் கல்முனைக்கு வந்ததில்லை.

முதலில், முன்னெழுத்துகள். எங்கள் ஆண்கள் எல்லோரும் எம்.ஐ.எம்., ஏ.எல்.எம்., எம்.எஸ்.எம். என்றுதான் தொடங்குவார்கள். நான் முதற்பட்டம் பெற்ற, 1995-இல் தொடங்கி இன்று ஒலுவில் கடலோரத்தில் நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெயரையே பாருங்கள். முன்னுக்கும் ஒரு முஹம்மது, பின்னுக்கும் ஒரு முஹம்மது. ஃபெல்லெகியின் கோட்பாட்டில், அபூர்வமான பெயர் ஒத்துப்போனால் நிறை அதிகம். எல்லோருக்கும் இருக்கும் பெயர் ஒத்துப்போனால் நிறை இல்லை. அந்தக் கணக்கில் எங்கள் ஊரின் முன்னெழுத்துகளைப் போட்டால் நிறை பூச்சியத்தை நோக்கி ஓடுகிறது.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, மேற்பார்வையாளரும் கேட்டார். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016-இலிருந்து வரும் புதியதில் 12 இலக்கம். ஒன்றை மற்றதாக மாற்றுவது கஷ்டமில்லை. அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பதும் இருக்கும். பெண் என்றால் நாளோடு 500-ஐக் கூட்டியிருப்பார்கள். இவ்வளவு அழகான ஏற்பாடு. ஆனால் சந்தாக் கொப்பியில் அடையாள அட்டைக்கு நிரலே இல்லை. அந்த இடத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். அதில் ‘கட்டாரில்’, ‘பிறகு தருவார்’, ‘தரமாட்டார்’ என்று எழுதியிருந்தது.

ஆக, மிஞ்சியது பெயர்தான். ஒலிப்பில் ஒத்த பெயர்களைப் பிடிக்க சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை உண்டு. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, அவர்களுடைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளுக்கு அட்டவணை போடப் பயன்பட்டது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளை எறிந்துவிடும். மிச்ச மெய்யெழுத்துகளை, ஒத்த ஒலிக்கு ஒரே இலக்கமாக, மூன்று இலக்கத்தில் சுருக்கும். முஹம்மதைச் சுருக்காமல் எத்தனை விதமாக எழுதினாலும் எம்530. லத்தீஃபுக்கு எச் போட்டாலும் போடாவிட்டாலும் எல்310. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மாமிக்குக்கூடக் காட்டினேன்.

பாறூக் வரும்வரைக்கும்தான் அந்தச் சந்தோசம்.

ஆங்கிலத்தில் பாறூக்கை இரண்டு ஓ போட்டுக் கே-இல் முடிப்பார்கள். சிலர் கியூ-இல் முடிப்பார்கள். சிலர் ஒற்றை யூ-வோடு நிறுத்துவார்கள். எல்லாம் எஃப்620, பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பழைய பதிவாளர்கள் காதில் விழுந்ததை எழுதியவர்கள். உம்மா ‘பாறூக்’ என்று சொல்ல, பீ போட்டு எழுதிவிட்டார்கள். அது பீ620. சவுண்டெக்ஸுக்கு முதல் எழுத்து வேறு என்றால் ஆளே வேறு. அதே கதைதான் ஸெய்னுலாப்தீனுக்கும்: வாப்பாவின் காணி உறுதியில் எஸ், மகனின் பாஸ்போர்ட்டில் இஸட். காசிம் பாதி ஊரில் சீ, பாதி ஊரில் கே. அமெரிக்கர்கள் பெயரில் எதை வேண்டுமானாலும் பிழையாக எழுதுவார்கள், முதல் எழுத்தை மட்டும் சரியாக எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் செய்த முறை அது. நாங்கள் மிச்சத்தையெல்லாம் சரியாக எழுதிவிட்டு முதல் எழுத்தில்தான் சண்டை பிடிக்கிறவர்கள்.

இதற்கு மேல் இன்னொன்று. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிற ஊர் அல்லவா? உம்மா வீட்டு மஹல்லாக் கொப்பியில் இருந்த பெயரை யாரும் வெட்டுவதில்லை. மனைவி வீட்டு மஹல்லாக் கொப்பியில் புதிதாக எழுதிக்கொள்வார்கள். விலாசத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று எந்த நூல் சொன்னாலும் எங்கள் பக்கம் நம்பக்கூடாது. கலியாணம் முடித்த ஆண் ஒவ்வொருவனும் தரவுத்தளத்தில் இரட்டைப் பிரஜை. நானும்தான்.

மாதிரியுரு தடுமாறிய சோடிகளை எல்லாம் அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்திருந்தேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தார்.

“இது என்ன மருமகன், எங்கட ஊராக்கள்ட பேரு?”

“ஓம் மாமி. இந்த ரெண்டு பாறூக்கும் ஒரு ஆளா, ரெண்டு ஆளாண்டு பாக்கன்.”

“வாசிங்க பாப்பம்.”

வாசித்தேன். மாமி வெற்றிலையை மடித்தபடி தீர்ப்புச் சொன்னார். “இது ரெண்டும் சைக்கிள் பாறூக். தாய் வீடு கடக்கரப் பக்கம், முடிச்சது இஞ்சால. அடுத்தது? அது வேற ஆளு, வலக்காரப் பாறூக், அவர்ட மூத்த மகள்தான் டீச்சர். இந்தக் காசிம் மௌத்தாகி ரெண்டு பெருநாள் போச்சு, இன்னும் ஏன் பேரு கிடக்கு? இவரு என்ன குடி? அதச் செல்லுங்க முதல்ல.” எங்கள் கிழக்கில் குடி என்பது தாய்வழியாக வருவது, மாமிக்கு அது தெரிந்தால் முன்னெழுத்து, விலாசம், அடையாள அட்டை ஒன்றும் தேவையில்லை. நான் மாதக்கணக்கில் பயிற்றுவித்த மாதிரியுரு தீர்க்காத சோடிகளை மாமி ஒரு வாய் வெற்றிலை முடியுமுன் தீர்த்துவிட்டார். விசாரித்துப் பார்த்ததில் எல்லாம் சரி. என் படிப்பில் பயிற்சித் தரவு என்று சொல்வதை மாமி கலியாண வீட்டிலும் ஜனாஸா வீட்டிலும் இருந்து எழுபது வருடமாகச் சேர்த்திருக்கிறார். அவருடைய தரவுத்தளத்தில் ஒரே குறை, எதிரி வீட்டாரின் நிரைகளில் தேவையில்லாத குறிப்புகள் அதிகம்.

மாமியால் தீர்க்க முடியாத சில சோடிகள் மிஞ்சின. அவற்றை என்ன செய்வது என்று ஸகாத் குழுவிடம் போனேன். இங்கே இரண்டு விதமாகப் பிழைக்கலாம்: இரண்டு ஆளை ஓர் ஆளாக்கிவிடலாம், அல்லது ஓர் ஆளை இரண்டாக விட்டுவிடலாம். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தப் பக்கம் சாய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். வகுப்பில் இதை விளங்கப்படுத்த இரண்டு விரிவுரை தேவைப்பட்டது. இங்கே தேவைப்படவில்லை. தாடி நரைத்த ஹாஜியார் ஒருவர் உடனே கேட்டார்: “பிறை பாக்கிற மாதிரித்தானே?”

அதேதான். நோன்பு 29-இல் கடலுக்கு முதுகைக் காட்டி, வட்டைப் பக்கம் மேற்கு வானத்தைப் பார்த்து ஊரே நிற்கும். சூரியனுக்குக் கிட்ட, சுமார் 7 பாகைக்குள் நின்றால் பிறை எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்று டான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1930-களிலேயே கணக்குப் போட்டார். அது எங்கள் ஊர்ப் பொடியன்மாரின் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு மேகமும் பிறைதான், விமானமும் பிறைதான். இல்லாத பிறையை ஏற்றுக்கொண்டால் ஒரு நோன்பு போய்விடும். இருந்த பிறையை மறுத்தால் பெருநாள் அன்று நோன்பு பிடித்த குற்றம் வரும். அதனால்தான் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யத்துல் உலமாவும் மற்றவர்களும் கூடி, சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்டு, வானொலி முஸ்லிம் சேவையில் அறிவிக்கும்வரை நாங்கள் இறைச்சியை அடுப்பில் ஏற்றாமல் காத்திருப்பது. முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று புள்ளிவிபரவியலாளர்கள் பேர் வைக்க முன்பே எங்களுக்கு அந்தத் தலையிடி இருந்தது.

இஷா தொழுகைக்குப் பிறகும் விவாதம் நடந்தது. கடைசியில் ஹாஜியார் முடித்துவைத்தார். “ஒருத்தன் ரெண்டு பங்கு எடுத்தா அது அவன்ட கணக்கு. ஒரு ஏழைக்கு ஒண்டுமே போகாட்டி அது நம்மட கணக்கு. சந்தேகமாயிருந்தா ரெண்டு ஆளாகவே விடுங்க.” எல்லை மதிப்பை எங்கே வைப்பது என்பதற்கு எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவான காரணத்தை நான் வாசிக்கவில்லை. அப்படியே கணனியில் வைத்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் ஒருவர் ஆய்வேட்டைப் புரட்டி, ‘துறைசார் நிபுணரின் சரிபார்ப்பு’ என்ற அத்தியாயத்தில் நின்றார்.

நிபுணரின் கல்வித் தகைமை என்ன என்று கேட்டார்.

ஐந்தாம் வகுப்பு என்றேன்.

எந்த நிறுவனம்?

எங்கள் வீடு என்றேன்.

மேற்பார்வையாளர் சிங்களத்தில் ஏதோ பகிடி சொன்னார். இந்தத் தடவை எல்லோரோடும் சேர்ந்து, சரியான நேரத்தில் சிரித்தேன். விளங்கவில்லை, ஆனால் பாஸ் என்று மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மாமியிடம் நன்றியுரையில் அவருடைய பெயர் இருப்பதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார். “என்ட பேர்ல ஒரு எச் கூடிப்போச்சு மருமகன்” என்றார். அவருடைய அடையாள அட்டையில் எச் உண்டு, காணி உறுதியில் இல்லை.

எனவே, இந்தக் கரையில் மருதமுனை முதல் பொத்துவில் வரை பிள்ளை பிறக்கக் காத்திருக்கும் எல்லா வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெயர் எதுவானாலும் வையுங்கள், எத்தனை முஹம்மது வேண்டுமானாலும் போடுங்கள். எஃப்பா பீயா, எஸ்ஸா இஸட்டா, சீயா கேயா என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடித்து, ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். பிறகு பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் சந்தாக் கொப்பியிலும் அதே எழுத்தைப் போடுங்கள். கலியாணம் முடித்து மகன் பெண்வீட்டுக்குப் போகும்போது, பழைய மஹல்லாக் கொப்பியில் அவனுடைய பெயரை வெட்டச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.